ஒதுக்கி வைத்த தட்டு

குளியலறைக் கதவைத் தட்டிவிட்டு, குப்பம்மாள் வெளியிலிருந்தே கேட்டாள். "லோஷன் ஊத்திக் கழுவிகினியா?"

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"உன்னத்தான் கேக்கறேன். ஆடிக் கிருத்திகை வருது. காவடி எடுக்கற வூடு இது. அந்த வாடையோட அடுப்பாண்ட வந்து நிக்காத."

"கழுவிகினேன் அத்தை" என்றாள் சுஜாதா.

கழுவவில்லை. பாட்டிலைத் திறந்து, ஒரு மூடி லோஷனைச் சாக்கடையில் ஊற்றி, வாசனை மட்டும் கிளம்பும்படி செய்துவிட்டு, வெறும் தண்ணீரில் குளித்து வந்தாள். மாமியாரிடம் அவள் சொன்ன முதல் பொய் அது. அதைவிடப் பெரிய பொய் ஒன்று அதே வீட்டில் பல வருஷமாகச் சௌகரியமாகக் குடியிருக்கிறது என்பது அந்த நேரத்தில் அவள் நினைவுக்கு வரவில்லை. நல்லவர்களுக்குத் தங்கள் பொய்தான் முதலில் கண்ணில் படும்.

திருத்தணியில், மலைக்குப் போகும் சாலையிலிருந்து பிரிகிற தெருவில் இருந்தது அந்த வீடு. குடும்பத்துக்குப் பள்ளிப்பட்டுப் பக்கம் சொந்த ஊர். அங்கே இருந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, மகன் பிரகாஷ் மார்க்கெட் பக்கத்தில் உரக்கடை வைத்தபோது குப்பம்மாளும் கூடவே வந்துவிட்டாள். சுஜாதா எங்கிருந்தோ பெண் பார்த்துக் கட்டி வந்தவள் இல்லை. குப்பம்மாளின் சொந்தத் தம்பி வீரபத்திரனின் மகள். சின்னப் பெண்ணாக லீவுக்கு வரும்போதெல்லாம் அத்தை தன் தட்டிலிருந்தே சோற்றை உருட்டி அவள் கையில் வைப்பாள். அதே அத்தைதான் இப்போது அவளுக்குத் தனித் தட்டு போட்டிருந்தாள்.

அந்தத் தட்டும் ஒரு டம்ளரும் பின்பக்க ஜன்னல் விளிம்பில் இருக்கும். சுஜாதாவின் பிறந்த வீட்டுச் சீரில் வந்த எவர்சில்வர் தட்டு. விளிம்பில் 'பிரகாஷ் - சுஜாதா' என்று புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருக்கும். தட்டை அவளே கழுவி அவளே வைக்க வேண்டும். மற்றப் பாத்திரங்களோடு சேரக்கூடாது. ஆனால் வீட்டுக்கே சமைப்பது அவள்தான். அவள் கையால் ஆக்கிய சோறு வேண்டும், அவள் தின்ற தட்டு மட்டும் ஆகாது. இது என்ன நியாயம் என்று அந்த வீட்டில் யாரும் குப்பம்மாளைக் கேட்டதில்லை.

சுஜாதாவுக்கு எச்.ஐ.வி. இருந்தது. பிரகாஷுக்கும் இருந்தது. ஆனால் பிரகாஷ் கூடத்தில் நடுவில் உட்கார்ந்து, எல்லோரும் சாப்பிடும் தட்டில் சாப்பிட்டான்.

கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் சில வருஷம் அவன் லுங்கி மூட்டைகளோடு வடக்கே வியாபாரத்துக்குப் போய் வந்தவன். போன ஊர்களில் என்ன நடந்தது என்பது அவனுக்குத் தெரியும். மகள் ஷாலினி தவழ ஆரம்பித்த சமயத்தில் அவனுக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தது. ரத்தம் பார்த்தார்கள். அவனுக்கு இருந்தது. சுஜாதாவுக்கும் பார்த்தார்கள். இருந்தது. குழந்தைக்கு மட்டும், நல்ல வேளையாக, இல்லை. கர்ப்பமாக இருந்தபோது பார்த்த சோதனையில் சுஜாதாவுக்கும் இல்லை என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஆகவே எங்கிருந்து வந்தது என்பதில் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவே எந்தச் சந்தேகமும் கிடையாது.

"இது எப்டி நைனா வந்துச்சி?" என்று குப்பம்மாள் கண்ணீரோடு கேட்டபோதுதான் பிரகாஷின் வாயில் அது வந்தது. பிரசவத்தில் சுஜாதாவுக்கு ரத்தம் ஏற்றினார்களே, அந்த ரத்தத்தில் வந்துவிட்டது, அவளிடமிருந்து தனக்கு ஒட்டிக்கொண்டது என்றான். அன்று ராத்திரி சுஜாதாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அம்மா இப்போது தாங்க மாட்டாள், கொஞ்ச நாள் போகட்டும், நானே உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றான். அவள் நம்பினாள். கொஞ்ச நாள் போயிற்று. ஷாலினி ஒன்பதாவது படிக்கிறாள், இன்னும் அந்தக் கொஞ்ச நாள் முடியவில்லை.

அவன் கல்நெஞ்சக்காரன் இல்லை. அப்படி இருந்தால் இந்தக் கதையே சுலபமாக இருக்கும். பின்வாசல் படியில் அவள் அந்தத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுவதைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்குச் சோறு இறங்காது. கடையிலிருந்து வரும்போது மல்லிகைப்பூ வாங்கி வருவான். புது மிக்ஸி வாங்கினான், ஸ்கூட்டி வாங்கினான். "அம்மாவுக்கு இன்னா பிடிக்கும்?" என்று ஷாலினியிடம் கேட்டுக்கேட்டு வாங்கினான். ஷாலினிக்கு அம்மாவின் நோய் ஏதோ தோல் வியாதி என்று சொல்லி வைத்திருந்தார்கள். அம்மாவின் தட்டைத் தொடாதே, டம்ளரில் குடிக்காதே என்று ஆயா குப்பம்மாள் சொல்லிச் சொல்லியே அவள் வளர்ந்திருந்தாள். சுஜாதாவுக்கு மாமியார் தள்ளி வைத்தது பழகிவிட்டது. மகள் தாகத்தோடு ஓடிவந்து, டம்ளர் வரை கையை நீட்டி, சட்டென்று இழுத்துக்கொள்வது மட்டும் பழகவே இல்லை.

திருத்தணியில் தெரிந்த முகம் யாராவது பார்த்துவிடும் என்று இரண்டு பேரும் மின்சார ரயிலில் சென்னைக்குப் போய் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கி வருவார்கள். அங்கே கமலா என்று ஒரு நர்ஸ். ஒரே தட்டில் சாப்பிடுவதால் இந்த நோய் ஒட்டாது, மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் சாதாரணமாக வாழலாம் என்பதை அவள்தான் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னவள். உங்கள் அம்மாவிடமும் சொல்லுங்கள் என்றாள். பிரகாஷ் தலையாட்டினான். அதே கமலா வருஷா வருஷம் இன்னொன்றும் சொல்வாள். இந்த நோய் உள்ள பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயில் கெடுதல் சீக்கிரம் வரும், ஒரு சின்னச் சோதனை செய்து பார்த்துவிட வேண்டும் என்பாள். பிரகாஷ் முந்திக்கொண்டு, "அடுத்த தபா பாத்துக்கலாங்க, ரயிலுக்கு நேரமாச்சி" என்பான்.

ரயிலுக்கு நேரமாகவில்லை. உள்ளே ஒரு பெண் டாக்டர் சுஜாதாவைத் தனியாக உட்கார வைத்து, உங்களுக்கு இது எப்படி வந்தது என்று கேட்பாள், அவள் வாயைத் திறந்து சொல்லிவிடுவாள் என்று பயந்தான். அவளுக்குத் தெரிந்ததை அவள் சொன்னால் என்ன? ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னது பிறகு அடங்காதே. அதுதான் பயம்.

இந்த வருஷம் சுஜாதாவால் முடியவில்லை. இடுப்பு விட்டுப்போகும்படி வலித்தது. மாதவிலக்கு இல்லாத நாட்களிலும் துணியில் ரத்தம் கண்டது. வெள்ளை போவது நிற்காமல், நாற்றமும் சேர்ந்துகொண்டது. நாற்றம் என்று முதலில் சொன்னவள் குப்பம்மாள்தான். மெடிக்கல் ஷாப்பிலிருந்து லோஷன் வாங்கி வந்து, தினமும் உள்ளே ஊற்றிக் கழுவிவிட்டுத்தான் சமையலறைக்குள் வர வேண்டும் என்று சட்டம் போட்டாள். எரியும். கண்ணில் தண்ணீர் வரும். சுஜாதா பல்லைக் கடித்துக்கொண்டு கழுவினாள். நாற்றம் கூடிற்று. குப்பம்மாள் இன்னும் பெரிய பாட்டில் வாங்கி வந்தாள்.

போன மாதம் மாத்திரைக்குப் போனபோது, அவள் உட்கார முடியாமல் நெளிவதைக் கமலாவே பார்த்துவிட்டாள். பிரகாஷ் வாயைத் திறக்குமுன் அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். பிரகாஷ் எதிர் டீக்கடையில் போய் நின்றுகொண்டான்.

அவன் பயந்த கேள்வியை டாக்டரம்மா கேட்கத்தான் செய்தாள். "கண்ணாலம் கட்டிகினதுல வந்துச்சி மேடம்" என்றாள் சுஜாதா. டாக்டரம்மா அதற்குமேல் அதைப் பற்றிக் கேட்கவில்லை. லோஷனைப் பற்றிக் கேட்டாள்.

"உள்ள நல்ல கிருமியும் இருக்கும்மா, தயிர்ல இருக்கற மாதிரி. அதுதான் அந்த இடத்துக்குக் காவல். நீங்க ஊத்துன லோஷன்ல அது செத்துப்போயி கெட்டது தங்கிடுச்சு. வாடை வர்றதே அதாலதான். வாடை வருதுன்னு இன்னும் இன்னும் ஊத்தியிருக்கீங்க."

பிறகு கர்ப்பப்பை வாயில் மருந்து தடவிப் பார்த்தாள். வெளுப்பாக ஒரு திட்டு தெரிந்தது. கிள்ளினாற்போல் துளிச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினாள். நாற்றத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து, இனி ஒரு சொட்டு லோஷன் கூடாது என்றாள். அன்றிலிருந்து லோஷன் சாக்கடைக்குத்தான் போயிற்று; மாமியார் வாய்விட்டுக் கேட்கும் வரை பொய் சொல்ல வேண்டி வரவில்லை.

முடிவு வாங்க இருவரும் போனபோது டாக்டரம்மாவே விளக்கிச் சொன்னாள். புற்றுநோய் இல்லை. அதற்கு முந்தின படி. விட்டால் அடுத்த படிக்குப் போகும், எச்.ஐ.வி. இருப்பதால் வேகமாகவே போகும். கெட்ட இடத்தை மட்டும் இப்போதே எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம், அன்றே வீட்டுக்கும் போய்விடலாம். அதன் பிறகு ஒரு மாதம் கனம் தூக்கக்கூடாது, புருஷனோடு சேரக்கூடாது, நீர் போல வடியும், பயப்பட வேண்டாம். "வருஷா வருஷம் வந்திருந்தா இவ்வளவு தூரம் விட்டிருக்க மாட்டோம்" என்றும் சொன்னாள். டாக்டரம்மா குறித்துக் கொடுத்த நாள் ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வாரத்தில் வந்தது.

மாமியாரிடம் அந்தப் பொய்யைச் சொன்ன அன்று காலைதான் இந்தப் பேச்சு வீட்டில் எழுந்தது. குப்பம்மாளுக்குப் பிரகாஷ் 'கர்ப்பப்பையில் புண்' என்று பாதி சொன்னான். பாதி சொல்வதில் அவனுக்கு நல்ல பழக்கம். குப்பம்மாள் அலட்டிக்கொள்ளவில்லை. கிருத்திகைக்குச் சொந்தக்காரர்கள் எல்லாம் வருவார்கள், சமைக்க ஆள் வேண்டும், மருமகள் பால்குடம் தூக்க வேண்டும், முருகன் காரியத்தைத் தள்ளிப்போட முடியாது, புண்ணைத் தள்ளிப்போடலாம் என்றாள். ரத்தம் கண்டால் எப்போதும்போல விலக்குத் தள்ளிப்போடுகிற மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளச் சொன்னாள். ஒவ்வொரு கிருத்திகைக்கும் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் அந்த மாத்திரையைப் போட்டுப் போட்டு, ரத்தம் கண்டால் அது தீட்டு என்றே பழகி, நோயாகவும் இருக்கலாம் என்ற நினைப்பே அந்த வீட்டில் யாருக்கும் வந்ததில்லை.

பிரகாஷ் சுஜாதாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "கிருத்திகை முடியட்டுமே. ஒரு வாரத்துல இன்னா ஆயிடப் போவுது?"

"இதத்தான் பாவா வருஷா வருஷம் சொன்ன" என்றாள் சுஜாதா.

குறித்த நாளன்று விடிந்ததும் சமையலை முடித்து மூடி வைத்துவிட்டு, ஷாலினிக்குத் தலை பின்னிவிட்டு, ஸ்டேஷனுக்கு நடந்து போய் ரயில் ஏறினாள். அவள் தனியாகச் சென்னைக்குப் போவது அதுதான் முதல் தடவை. அரக்கோணத்தில் கூட்டம் ஏறி நெருக்கியது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த தபா என்று சொல்ல ஆள் இல்லாதது ஒரு நிம்மதியாகவும் இருந்தது.

கூட யாரும் வரவில்லையா என்று கமலா கேட்டாள்.

"அவரு காவடிக்கு விரதம் இருக்காருங்க" என்றாள் சுஜாதா. கமலா தன் கையைக் கொடுத்தாள். மரத்துப்போக ஊசி போட்டு, கெட்ட இடத்தை வழித்தெடுக்கிறவரை சுஜாதா அந்தக் கையை விடவில்லை.

சாயங்காலம் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தபோது பிரகாஷ் குன்றிப்போனான். அவனுக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது. மறுநாள் பூஜையறையில் கற்பூரம் ஏற்றி, இந்த வருஷம் திருத்தணிக்குள்ளிருந்து காவடி எடுக்கப் போவதில்லை, சொந்த ஊரிலிருந்து வெறுங்காலோடு நடந்தே வந்து மலையேறுகிறேன், என் பெண்டாட்டி உடம்பு தேறட்டும் என்று சத்தமாக வேண்டிக்கொண்டான். குப்பம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு தூரம் நடக்கத் துணிந்தவனுக்கு, அம்மா நின்ற இடத்துக்கும் தனக்கும் நடுவில் இருந்த நாலடி தூரத்தைக் கடந்து ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை.

நடந்தான். தார் ரோட்டில் கால் கொப்பளித்தது. கொப்பளம் உடைந்தது. வழியில் பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் காலில் விழுந்தார்கள். வலிக்க வலிக்க அவன் மனசு லேசாகிக்கொண்டே வந்தது. அந்த நடையில் இருந்த சௌகரியம் அதுதான்.

கிருத்திகையன்று திருத்தணியே அரோகரா என்று அதிர்ந்தது. சுஜாதாவுக்கு இன்னும் நீர் வடிந்துகொண்டிருந்ததால், தீட்டு என்று குப்பம்மாள் அவளைச் சமையலறைக்குள் விடவில்லை. வெளியாளை வைத்துச் சமைத்தார்கள். பின்னறையில் படுத்தபடி அவள் கூடத்துப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா வீரபத்திரன், கர்ப்பப்பையில் ஏதோ புண் என்பதைத் தவிர ஒன்றும் அறியாதவர், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"பொண்டாட்டிக்காவ பள்ளிப்பட்டுலேந்து நடந்து வந்திருக்கான் என் மாப்ள. எம்பொண்ணு குடுத்து வெச்சவ."

சுஜாதா எழுந்து உட்கார்ந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. இத்தனை வருஷம் கழித்து, நன்றாகவே வந்தது.

விருந்தாளிகள் பஸ் பிடிக்கப் போன பிறகு, தெருப் பசங்களோடு ஷாலினி கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரத்தில், பிரகாஷ் கூடத்தில் காலை நீட்டிச் சாப்பிட உட்கார்ந்தான். இலை எடுத்து வரக் குப்பம்மாள் எழுந்தாள். அதற்குள் சுஜாதா பின்பக்கம் போய் ஜன்னல் விளிம்பிலிருந்து தன் தட்டை எடுத்து வந்து அவன் முன்னால் வைத்தாள். சோறு போட்டுக் குழம்பு ஊற்றினாள்.

"ஐயோ, அது உன் தட்டாச்சே" என்று குப்பம்மாள் பதறினாள்.

"இதுல ரெண்டு பேரு பேரும் வெட்டிகீது அத்தை" என்றாள் சுஜாதா. பிறகு புருஷனைப் பார்த்தாள். "நடந்தது போதும் பாவா. இதுல சாப்புடு."

பிரகாஷ் தட்டைப் பார்த்தான். விளிம்பில் தன் பேர்தான் முதலில் இருந்தது. சோற்றில் கை வைத்தான். குப்பம்மாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் நைனா. அவ எச்சித் தட்டு. ஒனக்கு இன்னும் எதுனா ஒட்டிக்கும்."

அவன் தலை நிமிரவில்லை. குரல் மட்டும் வந்தது. "என்கிட்டேந்துதாம்மா அவளுக்கு ஒட்டிகிச்சி. ரத்தம் ஏத்துனதுல வந்துச்சின்னு நான் சொன்னது பொய்யி. வடக்க போன எடத்துல நான் வாங்கியாந்தது."

குப்பம்மாள் அவன் கையை விட்டாள். சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிரகாஷ் அழுதுகொண்டே சாப்பிட்டான். நடுவில் ஒரு தடவை நிமிர்ந்து சுஜாதாவைப் பார்த்தான். சொல்லிவிட்டேனே, இனி என்னை மன்னித்துவிடுவாயா என்று அவன் கண் கேட்டது. அவள் அவனுக்கு மோர் ஊற்றினாள். அவ்வளவுதான்.

அவன் எழுந்து போனபின், குப்பம்மாள் வெகு நேரம் கழித்து, மருமகள் முகத்தைப் பார்க்காமல் மெதுவாகக் கேட்டாள்.

"அந்த லோஷனால ஒண்ணும் ஆவலதான? டாக்டரம்மா சொல்லியிருப்பாங்க இல்ல?"

ஒன்றும் ஆகவில்லை அத்தை என்று சொல்லியிருக்கலாம். கூனிக் கிடக்கிற கிழவி ராத்திரி தூங்கியிருப்பாள். சுஜாதாவின் நாக்கு நுனி வரை அது வந்தது.

"நோவுக்கு அது மட்டும் காரணம் இல்ல அத்தை. ஆனா அந்த வாடை அதாலதான் வந்துச்சின்னாங்க" என்றாள்.

குப்பம்மாள் எழுந்தாள். தட்டை எடுத்துக்கொண்டு போய், புளி போட்டுத் தேய்த்து, துணியால் துடைத்து, சமையலறை அலமாரியில் மற்றத் தட்டுகளின் மேல் கவிழ்த்து வைத்தாள். மருமகளைத் தொட்டு ஒரு வார்த்தை சொல்ல அவளால் முடியவில்லை. அவளால் முடிந்தது அதுதான்.

மறுநாள் காலை ஷாலினி பள்ளிக்கூடம் போகிற அவசரத்தில் வந்து, அலமாரியில் மேலாக இருந்த தட்டை எடுத்து இட்லி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எந்தத் தட்டு என்று அவள் பார்க்கவில்லை. சுஜாதா பார்த்தாள். மாமியாரையும் பார்த்தாள். அந்தத் தட்டைத் தொடாதே என்று இத்தனை வருஷமும் பேத்தியை அதட்டிய குப்பம்மாள், வாயைத் திறக்காமல் சட்னியைக் கொண்டுவந்து அதில் ஊற்றினாள்.

மகன் சாப்பிட்ட தட்டாயிற்றே.